வாடகைக்காரர்களுக்குக் கட்டம் இல்லை

பெரிய நிலநடுக்கம் வந்து நகரம் இடிந்தால் யாருக்கு எங்கே வீடு கட்டித் தருவது என்று முன்கூட்டியே திட்டம் எழுதும் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். கிழக்கேகோட்டைக்கு அருகே ஒரு பள்ளி ஹாலில் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம்; வந்தவர்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்திருந்தோம். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மலையாளத்தில் பேசுவதை மொழிபெயர்க்க, அந்த ஊரிலேயே ஸ்ரீவராகத்தில் வளர்ந்த தமிழ்க்காரியான என்னை மேலதிகாரி அழைத்துப் போனார்.

வீட்டுக்காரர்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். தெருக்கள் அகலமாகும் என்று நான் படித்ததுமே எங்கள் தெரு மாமா ஒருவர், "வராத பூகம்பத்தைச் சொல்லி எங்காத்தை இடிக்கப் பாக்கறேளா? நீயும் இதுக்கு உடந்தை, அல்லே?" என்று கத்தினார். அந்தப் பேச்சு எனக்கு வலிக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பிறகு சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. "நாங்க வாடகைக்கு இருக்கோம். இந்த பாரத்துல வீட்டுக்காரங்களுக்குத்தான் கட்டம் போட்டிருக்கு. எங்களுக்கு எங்க எடம்?"

மொழிபெயர்த்தேன். மேலதிகாரி தலை நிமிராமல், "அவர்க்கு நாடுண்டல்லோ. அங்ஙோட்டு பொய்க்கோளும்" என்றார். சொந்த ஊர் இருக்கிறதே, போய்விடுவார்கள் என்று அர்த்தம்.

நான் தமிழில், "அதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்னு சார் சொல்றார்" என்றேன்.

"அப்படியா சொன்னாரு? இருபது வருசமா இங்க கெடக்கேன், எனக்கு மலையாளம் தெரியாதுன்னு நெனச்சியளா? அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுதாரு. நீங்க நம்ம பாசையிலேயே பொய் சொல்லுதிய."

அவள் அதிகாரியிடம் திரும்பி, இடிந்து கிடப்பதை அள்ள யாரைக் கூப்பிடுவீர்கள் என்று சுத்தமான மலையாளத்தில் கேட்டாள். கூட்டம் முடிந்தது என்று அவர் எழுந்துவிட்டார். அவளோடு வந்தவர்கள் படிவங்களை நாற்காலிகளில் போட்டுவிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்துப் போடாமலே வெளியேறினார்கள்.

மறுநாள் கூட்டக் குறிப்பில் அவள் கேள்வியையும் அவர் பதிலையும் அப்படியே எழுதினேன். அவர் அந்த வரிகளைப் பேனாவால் அடித்தார். திரும்ப எழுதினேன். "நிங்ஙள்க்கு எந்தா பிரஷ்னம்?" என்று சீறினார். அடித்த குறிப்பில் கையெழுத்திட மறுத்தேன். வேறொருவர் போட்டார். திட்டம் அச்சாகி வந்தது, வாடகைக்காரர் என்ற சொல்லே இல்லாமல்.

சில வாரம் கழித்துப் பழவங்காடி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். நடந்ததை அவசரமாகச் சொன்னேன்.

"எழுதுனியளா? சரி. எடம் உண்டா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு என்கிட்ட சொல்லுதிய?" என்றவள், வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.