ஓட்டை வாயும் பனீர் மசாலாவும்

நாலைந்து வருடம் இருக்கும். ஆடி மாதம். எங்கள் சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அதற்கப்புறம் வெளியூர்ப் பார்ட்டிகள் ஆர்டர் கொடுக்க வர ஆரம்பித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் சின்னதாக ஓர் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி, மனைவியோடு, முதல் தடவையாக வந்தார். பூர்வீகம் ராஜஸ்தான் என்றாலும் இரண்டு பேருமே சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ் நன்றாகப் பேசுவார்கள். சுத்த சைவம். மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று இவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு என்னிடம் வந்து, "சப்பாத்தியும் பனீர் பட்டர் மசாலாவும் செஞ்சிரு. அந்தம்மாவுக்குக் கடலை எண்ணெய் மட்டும் வேண்டாமாம்" என்றார். எங்கள் ஊர்ச் செக்கு எண்ணெய் வாசனை பட்டணத்துக்காரர்களுக்குப் பிடிக்காது போல என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. போகட்டும் என்று சூரியகாந்தி எண்ணெயை எடுத்தேன்.

மசாலா எல்லாம் வதக்கி அரைத்தாயிற்று. கிரீம்தான் இல்லை. சுற்றி இருக்கிற ஒரு கடையிலும் பாக்கெட் வரவில்லை. பேக்கரியில் கேட்டால் கேக்குக்குப் பூசுகிற இனிப்புக் கிரீமைக் காட்டுகிறார்கள். வழக்கமாக நான் பிரிட்ஜில் சேர்த்து வைக்கிற பாலாடையை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் போட்டுவிடுவேன். அதை முந்தின நாள்தான் நெய்க்கு உருக்கித் தொலைத்திருந்தேன். வெண்ணெயை வெதுவெதுப்பான பாலில் கரைத்து அடித்துப் பார்த்தேன், மோர் மாதிரி ஓடியது. முந்திரி டப்பாவைத் திறந்தால் வண்டு. கடைசியில் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து என் அம்மா அனுப்பியிருந்த நிலக்கடலை கண்ணில் பட்டது. வெந்நீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலை உரித்து, பால் விட்டு மையாக அரைத்து, துணியில் வடிகட்டினேன். அடடா! வெள்ளைவெளேர் என்று, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிகிற பதம். குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கசூரி மேத்தி என்கிற காய்ந்த வெந்தயக்கீரையைக் கசக்கிப் போட்டதும் கடலை வாசனை துளியும் இல்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அடுக்களைக்குள் வந்த இவர், மிக்ஸி ஜாரைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"ஏ, அந்த ஆளு சாம்பிள்ல காட்டுன பேப்பர்தான் லோடுலயும் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறவரு. இவுக வீட்டுச் சாப்பாட்டுலயே ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடுறாகளே, பேப்பர்ல போட மாட்டாகளான்னு நெனச்சிட்டா? கிரீம்னே இருக்கட்டும். தயவுசெஞ்சு இன்னைக்கு ஒரு நா உன் ஓட்டை வாயத் தொறக்காத."

என் வாயைப் பற்றி எங்கள் சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரிந்த விஷயம் அடுத்த தெருவுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது. ஆனாலும் பெரிய ஆர்டராயிற்றே. சரி என்று தலையாட்டினேன்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தம்மாவுக்கு ஏதோ போன் வந்து வாசல் பக்கம் பேசிக்கொண்டிருந்ததால் அவர் கணவர் முதலில் ஆரம்பித்தார். ஒரு வாய் வைத்தவர், கண்ணை மூடித் திறந்தார். நான் வாயை இறுக்கிக்கொண்டு சப்பாத்தி எடுத்து வைத்தேன். அந்தம்மாவும் வந்து உட்கார்ந்தார். பரிமாறினேன். சப்பாத்தியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

அவர் கணவர் என் வீட்டுக்காரரிடம், "இந்த ஊர்ல இவ்வளவு நல்ல கிரீம் கிடைக்குதா சார்? எந்தக் கம்பெனி? எல்லாம் அந்தக் கிரீம்லதான் இருக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உரித்து உரித்து நகக்கண் வலிக்கிறது எனக்கு. பேர் பாக்கெட்டுக்காரனுக்கா? இவர் கண்ணால் ஜாடை காட்டுவது தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை.

"கம்பெனியாவது ஒண்ணாவது! கிரீமே இல்ல அண்ணாச்சி. எங்கம்மா குடுத்துவிட்ட நிலக்கடலைய நானே அரைச்சு ஊத்துனது!"

அந்த மனிதர் எழுந்தாரா, பாய்ந்தாரா, தெரியவில்லை. மனைவியின் கையைத் தட்டிவிட்டார். வாய்க்குப் பக்கத்தில் போயிருந்த சப்பாத்தித் துண்டு சுவரில் போய் விழுந்தது. "சாப்பிட்டியா? நாக்குல பட்டுதா?" என்று கத்தினார். அந்தம்மா இல்லை இல்லை என்று தலையசைத்தபடி கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

பிறகு அவரே சொன்னார். நிலக்கடலை கொஞ்சம் உள்ளே போனாலும் மனைவிக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். ஒரு தடவை கல்யாண வீட்டில் யாரோ கொடுத்த ஸ்வீட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பிழைத்திருக்கிறார். "பனீர்ல யாரு கடலை போடப்போறாங்கன்னு எண்ணெயை மட்டும் சொன்னேன் சார். தப்பு என்னுதுதான்" என்றார்.

நான் செய்த சாப்பாடு, என் வீட்டில், என் கண் முன்னால்! குழம்பை எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டு, மேஜையைத் துடைத்து, கடலை படாத பாத்திரமாகப் பார்த்துத் தயிர்சாதம் பிசைந்தேன். எலுமிச்சை ஊறுகாயில் என்ன எண்ணெய், தயிர்சாதத்தில் என்ன தாளிதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி வைத்தேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "போதும் அக்கா, சாப்பிடறேன்" என்றார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆர்டர் கிடைத்தது. கிளம்பும்போது அந்த மனிதர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்ல எதையும் மறைக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு சார். அது போதும் எனக்கு" என்றார். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போதும் பாலாடை, முந்திரி, தேங்காய்ப்பால் என்று கையில் கிடைத்ததைக் கிரீமுக்குப் பதிலாக ஊற்றத்தான் செய்கிறேன். ஆனால் யார் வந்தாலும் கேட்கிறார்களோ இல்லையோ, இன்னது போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவேன். என் ஓட்டை வாய்தான் அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று இவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு மட்டும்தான் தெரியும்: அந்த மனிதர் பாராட்டாமல் பேசாமல் சாப்பிட்டிருந்தால், அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.