விசிலடிக்கும் வண்டிக்கு ஒரு பட்டறை

மீன் வண்டி ஓட்டுகிறவனுக்கு முன்னால் ரோடு, பின்னால் ஐஸ். இரண்டில் எது முதலில் தீரும் என்பதுதான் தொழில்.

டீசல் பிக்கப் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் நம்பி விடுவது என்று தெரியாமல் முழிக்கும் சகாக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஊர் சேரன்மகாதேவி. கூடங்குளம் பக்கத்துக் கடற்கரையில் விடிகிற நேரத்தில் மீன் ஏற்றி, வள்ளியூர், களக்காடு வழியாக முக்கூடல் சந்தையில் இறக்குவேன். சரக்கு செசிலியுடையது. கரையில் ஏலம் எடுத்து, என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்து, அவளே விற்பாள். எனக்கு இருக்கும் ஒரே நிரந்தர வாடிக்கை அவள்தான்.

என் வீட்டுக்காரி இருந்தவரை எனக்குப் பட்டறைக் கவலை கிடையாது. அடுப்படியில் நின்றபடியே, "வண்டிக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்ல, பாத்துக்கிடுங்க" என்பாள். பார்த்தால் ஏதாவது இருக்கும். அவள் போன பிறகு எனக்கு முந்தி வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க ஆளில்லை. போன வருஷம் ஏற்றம் ஏறும்போதெல்லாம் வண்டி விசிலடிக்க ஆரம்பித்தது. பிறகு இழுவை குறைந்தது. ஒரு நாள் ஏர்வாடி தாண்டி நின்றேவிட்டது. வேறு வண்டி பிடித்துப் பெட்டிகளை மாற்றி முக்கூடல் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்திருந்தது. செசிலி கோபப்படவில்லை. கண் மங்கிப்போன மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணாச்சி, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன். மனசுல வச்சுக்கிடாதீய."

நம்ம மச்சான் கடை

பட்டறை தேடுகிறேன் என்று டீக்கடையில் சொன்னதுதான் தப்பு. பெண் பார்க்கிறேன் என்று சொன்னால்கூட அத்தனை பேர் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். அதில் உரக்கடை நடராஜன் ஜெயித்தார். அவரும் அதே மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறார். திருநெல்வேலி பைபாஸில் தன் மச்சான் பட்டறை இருப்பதாகவும், அவர் கை வைத்தால் வண்டி குதிரையாகிவிடும் என்றும் சொல்லி, போன் போட்டு, நான் வருகிற விவரத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

மச்சான் நல்ல மனுஷர். உட்காரவைத்து பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். என் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். வண்டியை மட்டும் விசாரிக்கவில்லை. விசிலோடு போய் விசிலோடு திரும்பினேன். அடுத்த வாரம் பேட்டையில் வேறொரு பட்டறை வாசலில் நடராஜனின் வண்டி பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. பக்கத்தில் நடராஜன். "என்னவே, குதிரை இங்கன நிக்கி?" என்றேன். கொஞ்சமும் அசராமல் பதில் சொன்னார்:

"அவன் நம்ம மச்சான்லா அண்ணாச்சி. அவன்கிட்ட வண்டிய விட்டா, பொறவு சத்தம் போட முடியுமா?"

பழைய சாமான்

சத்தம் போட வசதியான கடை என்பதால் நானும் பேட்டைக்கே போனேன். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்ததுதான். புதுச் சாமான் போட்டால் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அதை வைத்து நாம் ஒன்றும் செய்யப்போவதில்லை. வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும். ஆனாலும் கையில் வாங்கினால்தான் மாற்றியிருக்கிறான் என்று மனசு ஆறும்.

டீசல் பில்டரும் ஏர் பில்டரும் மாற்றியதாகச் சொன்னார்கள். பழசைக் கொடுங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதையான கடையா என்று பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே இருந்த ஏர் பில்டர் என் உள்ளங்கையில் அடங்கியது. ஆட்டோவில் வருவது. திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கல்லாவில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, உள்பக்கம் கையைக் காட்டினார்:

"பெரிய வண்டிக்காரங்களுக்குக் குடுக்குத பழைய சாமான் சாக்கு அந்த மூலையிலலா கெடக்கு. பய மாத்தி எடுத்துட்டான், இருங்க அண்ணாச்சி."

பத்துக்குப் பத்து

கம்பெனி சர்வீஸுக்கே போய்விடுங்கள் என்றாள் செசிலி. போனேன். கண்ணாடி போட்ட ஏசி ஹால். நம் வண்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், கேட்க முடியாது. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றேன். சாயங்காலம் வண்டி வந்தது. மீன் வாடை இருந்த இடத்தில் மல்லிகை வாடை. டயருக்குக்கூட மை பூசியிருந்தார்கள். மேம்பாலம் ஏறினேன். விசில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

திருப்பிக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், ஹெட் ஆபீஸிலிருந்து போன் வரும், சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள் என்றாள். வண்டி சரியாகவில்லையே அம்மா, வேண்டுமானால் உனக்காக ஒன்பது சொல்லுகிறேன் என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது.

"ஒம்பது போட்டீயன்னா எனக்கு முட்டைன்னு அர்த்தம் தாத்தா. விசில அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கிடலாம், பத்து மட்டும் இப்ப சொல்லிருங்க."

காதால் பார்க்கிறவர்

அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு பெரியவர், வண்டியைத் தொடவே மாட்டார், காதாலேயே கண்டுபிடிப்பார் என்றார்கள். முக்கூடலில் சரக்கு விற்றுத் தீர்ந்ததும் செசிலியையும் கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சினை ஓடவிடச் சொன்னார். கண்ணை மூடினார். பட்டறையில் எல்லாரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு அமைதியானார்கள். எனக்கே கை கூப்பலாம் போல இருந்தது. கடைசியில் கண்ணைத் திறந்து, "டக் டக்குன்னு தட்டுது பாத்தீயளா, இஞ்செக்டர். நாலும் மாத்தணும்" என்றார். நான் வந்தது விசிலுக்கு. அதை அவர் காது கண்டுகொள்ளவில்லை.

செசிலி இறங்கிப் பின்னால் போனாள். காலி ஐஸ் பெட்டி மேல் ஆடிக்கொண்டிருந்த தகர மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். டக் டக் நின்றுவிட்டது. பெரியவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்:

"சரி, மூடியை இப்ப மாத்துங்க. இஞ்செக்டர அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

பின்னால் வந்த பைக்

கடைசியாக வள்ளியூரில், தகரக் கொட்டகை போட்டு ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் சுடலைமுத்துவிடம் விட்டேன். பேச்சே கிடையாது. எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு, அதுதான் விசில். மாற்றினார். மறுநாள் காலி வண்டியில் கடற்கரைக்குப் போகும்போது சத்தமே இல்லை. ஆளில்லாத சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

சரக்கு ஏற்றிய பிறகுதான் வினை. வண்டி இழுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. வள்ளியூரில் நிறுத்தலாம் என்றால் கொட்டகை இன்னும் திறக்கவில்லை. பைய உருட்டிக்கொண்டு களக்காடு தாண்டினேன். செசிலி செபமாலையை எடுத்துக்கொண்டாள். திட்டினாலும் தேவலை, செபமாலை எடுத்தால் முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம். சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. "எடுக்காதீய, ரோட்டப் பாருங்க" என்றாள்.

அப்போது ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினான். "வம்புக்கு வாரான், நிறுத்தாதீய" என்றாள் செசிலி. அவன் முந்திப் போய் பைக்கைக் குறுக்கே போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினால் சுடலைமுத்து.

நேரே வந்து பானட்டைத் திறந்தார். இடுப்பில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பைத் தளர்த்தி, புதுக் குழாய்க்குள் விரலை விட்டு இழுத்தார். நீலக் கட்டம் போட்ட பழைய சாரத்தில், அதாவது லுங்கியில், கிழித்த துண்டு ஒன்று வந்தது.

"தூசி போவாம இருக்க அடைச்சு வச்சேன். எடுக்க மறந்துட்டேன். காலையில பட்டறைத் துணியத் துவைச்சுக் கொடியில போடும்போதுதான் ஒண்ணக் காணலன்னு தெரிஞ்சுது. போன் அடிச்சும் நீங்க எடுக்கல. இன்னும் கொஞ்சம் போயிருந்தா டர்போ இழுத்து முழுங்கியிருக்கும்" என்றார். நாங்கள் பார்த்ததில் அதுதான் அவருடைய மிக நீளமான பேச்சு.

"நீரு வந்து சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் செசிலி.

"தெரியாது. டர்போ போச்சுன்னு என்கிட்டதான் கொண்டு வந்திருப்பீய. நானும் புதுசு மாத்தியிருப்பேன்."

செசிலி பெட்டியைத் திறந்து, நல்ல சாளை மீனாகப் பார்த்து ஒரு பையில் அள்ளி அவர் பைக்கில் மாட்டினாள். வண்டி பறந்தது. முக்கூடலில் ஆட்கள் கூடைகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள். பாதி மீன் விற்றபின் என்னைக் கூப்பிட்டாள்:

"வேற வண்டி பாக்கல அண்ணாச்சி. ஆனா இனி அவருகிட்ட வண்டிய எடுக்கும்போது, துணியெல்லாம் கொடியில கெடக்கான்னு பாத்துட்டு எடுங்க."

இப்போதெல்லாம் வள்ளியூருக்கு வண்டி எடுக்கப் போனால் நான் எஞ்சினைப் பார்ப்பதில்லை, கொடியைத்தான் பார்க்கிறேன். சுடலைமுத்துவும் தப்பாக நினைக்காமல் கூடவே நின்று துணிகளை எண்ணுகிறார்.