மோந்து பார்க்க வந்தவர்கள்

வெட்டிவேர் ஒரு புல். அதன் வாசனை முழுவதும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மோந்து பார்க்க வேண்டுமானால் தூரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கினால் பயிர் போச்சு. இதுகூடத் தெரியாதவர்கள்தான் எங்கள் வயலுக்கு விவசாயம் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

சுனாமி வந்துபோன பிறகு நடந்தது இது. கடலூருக்குத் தெற்கே, கடலோர மணலில் இருந்த அந்தத் துண்டு நிலம் என் அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்தது. பக்கத்து நிலங்கள் எல்லாம் இறால் குட்டை ஆகியிருந்தன. குட்டைக்காரர் எங்களிடமும் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். உப்புத் தண்ணீரை ஒருமுறை உள்ளே விட்டால் அப்புறம் அது நிலமே இல்லை. "ஒரு வருஷம் பாப்போம். வெட்டிவேர் கைகுடுக்கலன்னா குட்டைக்கு விட்ருவேன்" என்றார் என் வீட்டுக்காரர். ஒப்புக்கொண்டேன். உரம் இல்லை, மருந்து இல்லை, சாணிக் கரைசல் மட்டும்தான். புல் மார்பளவு வளர்ந்தது.

அதுதான் வினை. இயற்கை விவசாயம் என்று யாரோ எழுதப்போக, சிதம்பரத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். மண்ணை நோகடிக்காமல் வாழ்வது எப்படி என்று வரப்பில் நின்று பேசுவார்கள். பேசி முடித்ததும், "வேரு வாசம் எப்படிங்க இருக்கும்?" என்பார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னால் முதுகு வலிக்கிற என் வீட்டுக்காரர், உடனே மண்வெட்டியை எடுப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று மூன்று தூரைத் தோண்டிப் போடுவார். அவர்கள் ஆளுக்கொரு கொத்தை மூக்கில் வைத்து, கண்ணை மூடிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வேரை வரப்பிலேயே வீசிவிட்டு வேனில் ஏறுவார்கள்.

"மாமா, வேரு இன்னும் முத்தல. இப்பவே புடுங்கினா எண்ணெய்க்கு ஆவாது" என்றேன்.

"நாலு பேரு நம்மளத் தேடி வராங்க. ஒரு தூருக்குப் போயி கணக்கு பாக்குறியே" என்றார். முன்மாதிரி விவசாயி என்று ஒரு சால்வை வேறு போர்த்திவிட்டார்கள். சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

வேர் வெட்டும் மாதம் வந்தது. எண்ணெய் எடுப்பதற்காக வேர் வாங்கும் வியாபாரி லாரியோடு வந்தார். வயல் பொக்கை வாய் மாதிரி இருந்தது. "இதுக்கு எதுக்கும்மா லாரி, சைக்கிளே போதும்" என்று திரும்பிவிட்டார். அடுத்த வாரமே குட்டைக்காரரின் பொக்லைன் வந்தது. அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. அழுதேன், முழுக்க ஆத்திரத்தில்.

விஷயம் தெரியாமல் இன்னொரு வேன் வந்தது. இறங்கியவர்கள் வயல் இருந்த இடத்தில் குட்டைத் தண்ணீரைப் பார்த்து விழித்தார்கள். "வெட்டிவேரு எங்கம்மா?"

"உங்க ஆளுங்க மோந்து பாத்தே தீத்துட்டாங்க" என்றேன்.

அவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இறால்ல லாபம் எப்படிங்க, ஜாஸ்தியா?"

இவர் வரப்பில் ஏறி நின்று விளக்க ஆரம்பித்தார்.