ஒட்டகச்சிவிங்கி வாங்காத திட்டு

பிபாத்தா திட்டிய திட்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கி ரோஷப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டதாம். கூரே சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இறைச்சி சுடுகிறவரைக் கேட்டால், போகும்போது அது அழுததாகவும் சேர்த்துக்கொள்கிறார். நைஜரில் எதையும் நம்பலாம். இருந்தாலும் பிபாத்தாவின் வடைச்சட்டி வரைக்கும் ஒரு நடை போய்க் கேட்டுவிடுவது நல்லது.

நெடுஞ்சாலை ஓரத்தில் அவள் காராமணி வடை சுடுகிறாள். வயலும் காராமணிதான். அது தீர்ந்தால் அடுத்த அறுப்பு வரை அடுப்பு அணைந்துதான் கிடக்கும். இந்த வருடம் நல்ல விளைச்சல். கொடியோடு பிடுங்கிய கட்டுகளைத் தரையில் காயப்போட்டால் ஆடு விடாது. ஆகவே ஆட்டுக்கு எட்டாத உயரமாகப் பார்த்து, கொட்டகைக் கூரைமேல் அடுக்கினாள். அந்த உயரம் ஒட்டகச்சிவிங்கியின் வாய்க்குக் கச்சிதமாக இருந்தது.

மறுநாள் காலையில் காது கிழிந்த ஆண் ஒன்று வந்து, கறுத்த நாக்கை நீட்டி, நின்றபடியே பந்தியை ஆரம்பித்தது. கல்லெறிய அரசாங்கம் விடாது. பிபாத்தாவுக்கும் மனசு வராது. முள்ளை வெட்டிப் போடலாமென்றால், அதற்கு அன்றாடச் சோறே முள்மரம்தான்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்தான் முங்கைலா. வெளியூர்க்காரர்களுக்கு ஒட்டகச்சிவிங்கி காட்டுவது அவன் பிழைப்பு. பிபாத்தாவுக்கு மாமன் மகன், ஆளும் நெட்டை. மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் எதிர்ப்பட்டு, வைதுகொள்ளாமல் போனால் அந்த ஊரில் உறவே சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

"நல்லா நிக்குது, படம் எடுத்துக்குங்க," என்றான் விருந்தாளிகளிடம்.

"டேய் நெட்டைக் கழுத்தா!" என்று கத்தினாள் பிபாத்தா. "அடுத்தவ சோத்துலயே வளந்த ஜென்மமே! வெக்கமில்லாம நிக்கிறியே, மரமாட்டம்!"

சாலையில் போனவர்கள் திட்டு ஒட்டகச்சிவிங்கிக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். முங்கைலாவுக்குத் தெரியும், முழுசும் தனக்குத்தான் என்று. கொட்டகைமேல் ஏறிக் கட்டுகளின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மூக்குக்கு மூக்கு. அது அவன் தலைப்பாகை நுனியை இழுத்து மென்று பார்த்தது. ருசிப்படவில்லை போலும், துப்பிவிட்டு வேலமரத்தைப் பார்த்து நடந்தது. அழவெல்லாம் இல்லை. நேற்றுகூடக் கிணற்றுப் பக்கம் நின்றது.

அவன் மேலிருந்து கட்டுகளைத் தள்ளத் தள்ள, ஆடு மோப்பம் பிடிப்பதற்குள் பிபாத்தா குடிசைக்குள் இழுத்துப் போட்டாள். கட்டிலில்கூடக் காராமணிதான். அடுப்பு பிழைத்தது.

கடைசிக் கட்டைத் தள்ளிவிட்டு முங்கைலா ஊருக்கே கேட்கும்படி சொன்னான்:

"பிபாத்தா, அது மேல ஏன் கோவப்படுறே? உன் வடையை ஒரு தடவை மோந்து பாத்திருக்கும். அதான் பச்சையாவே தின்னுட்டுப் போகலாம்னு வந்திருச்சு!"

விருந்தாளிகளுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். பிபாத்தா வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி வாங்கிய வசவைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்; அது பாக்கி நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் வடைக்கடையருகே ஜீப் வேகம் குறைகிறது.

"என்ன அத்தை மகளே, என் பாக்கி என்னாச்சு?"

"எண்ணெய் காயட்டும்டா, நெட்டை. அவசரப்பட்டா வேகாது."

எண்ணெய் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.