மேலே ஆள் இல்லாத ராஜா

கரும்புச் சாறு உள்ளங்கையில் காய்ந்து இறுகும்போதெல்லாம் எனக்கு ராஜ அதிகாரம்தான் ஞாபகம் வரும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகத் தொடங்கும் மார்கழியில் எங்கள் ஊர் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். நான்காம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது, தொழுவத்தில் பிறந்த பாலனுக்குப் பயந்து ஊரிலுள்ள பச்சைக் குழந்தைகளை எல்லாம் கொல்லச் சொல்லும் ராஜா வேஷம். தலையில் அட்டைக் கிரீடம், கையில் ஜிகினாத் தாள் சுற்றிய கரும்புச் செங்கோல். அதன் வெட்டுவாயிலிருந்து சாறு இறங்கி எறும்பு ஏறும்.

முகம் நிமிர்த்திப் பேசாத எனக்கு ஒத்திகையில் குரலே எழவில்லை. "இன்னா ராஜா, அழுதுகினு நிக்கிற?" என்றான் சிப்பாய் வேஷக்காரன். நாடகம் பழக்கிய டீச்சர் என்னைத் தனியே அழைத்து ஓர் இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னார்.

"சாவரின். அப்படின்னா வெறும் ராஜா இல்லடா. அவனுக்கு மேல ஆளே கெடையாது. சொன்னா சொன்னதுதான்."

"அப்ப எங்க வூட்ல அம்மாதான் சாவரின், டீச்சர்."

நாடகத்தன்று அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லியபடியே செங்கோலை நீட்டி, "ஒரு கொழந்தையும் இருக்கக் கூடாது" என்று கத்தினேன். செங்கோல் நீண்ட திசையில், பல் முளைக்காத மகனை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார். "ராஜாவப் பாருடா" என்று அவன் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார்.

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கோயிலுக்கு ஓடினேன். கிரீடத்தை வைத்துக்கொண்டு உத்தரவை மாற்றிவிட வேண்டும். கிரீடம் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. செங்கோலைப் பையன்கள் தின்று சக்கையாகத் துப்பியிருந்தார்கள். வெறுந்தலையோடு நின்று, "எல்லாக் கொழந்தையும் இருக்கட்டும்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

குழந்தை உயிரோடு திரும்பவில்லை.

கொண்டுபோனது காய்ச்சல், என் வாய் இல்லை என்று இந்த வயதில் தெரியாமல் இல்லை. ஆனாலும் என் பிள்ளைகளைக் கோபத்தில்கூட "ஒழி" என்று நான் சொன்னதில்லை.

இப்போது கோயிலில் நாடகம் இல்லை, திரை கட்டிப் படம் போடுகிறார்கள். டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கண் மங்கிப்போன ஸ்டெல்லா அக்கா மட்டும் அன்று வைத்த பெயரை விடவில்லை. "ராஜா, இங்க வாப்பா" என்று குரல் கேட்டால், சாப்பாட்டில் இருந்தாலும் கை கழுவிவிட்டுப் போய் அவர் முன்னால் நிற்பேன்.

"எப்பக் கூப்புட்டாலும் வந்துருவான், நல்ல புள்ள" என்பார் பக்கத்து வீட்டாரிடம்.