கிள்ளான் தோட்டத்தில் இரண்டு எலுமிச்சம்பழம்

மலாயாவில் ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த வருஷம். வேலை போனவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானோ அதே கடலில் எதிர்த்திசையில், வேடிக்கை பார்க்கப் போனேன்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பள்ளித் தோழன் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். குகைக்கோயில் பார்த்தேன், சீனர் கடையில் அரைவேக்காட்டு முட்டையும் கோப்பியும் சாப்பிட்டேன், பிறகு எல்லாமே அலுத்துவிட்டது. கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்த என் சித்தப்பா மகனைப் பார்க்க ரயிலேறினேன். ஒரே ஒரு ராத்திரிதான். மறுநாள் மலாக்கா போவதாகத் திட்டம்.

காலையில் அவன் ஆபீசுக்குப் போய்விட்டான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரப்பர் மரங்களுக்குள் நடந்தேன். மரத்துக்கு மரம் ஒரு மங்கு. சீவிய பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக அந்தக் கிண்ணத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசல் பசும்பால்தான். கப்பலில் குமட்டலுக்கு வைத்துக்கொண்ட எலுமிச்சம்பழம் இரண்டு இன்னும் சட்டைப் பையில் கிடந்தது. இந்தப் பாலும் திரியுமா என்று பார்க்க ஆசை வந்தது. பேனாக்கத்தியால் நறுக்கி ஒரு மங்கில் பிழிந்தேன். திரிந்தது. குஷி தாங்காமல் ஏழெட்டு மரங்களுக்குப் பிழிந்துவிட்டு வந்தேன்.

பத்து மணிக்குப் பால் நிறுப்பதைப் பார்க்க ஸ்டோருக்குப் போனேன். ஒரு பெண்ணின் வாளிக்குள் கங்காணி கையைவிட்டுக் கட்டி கட்டியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மங்குகளைத் துடைக்காமல் அழுக்கோடு வைத்தால்தான் பால் இப்படிக் கட்டும் என்று ஊருக்கே கேட்கும்படி திட்டினார். நாளைக்குப் பிரட்டில், விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, துரையிடம் சொல்லி அவள் பெயரை வெட்டி ஊருக்குக் கப்பலேற்றப்போவதாகச் சொன்னார்.

"தொடச்சேன் கங்காணி. ஒவ்வொண்ணா தொடச்சுத்தான் வச்சேன்" என்றாள் அவள். அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தன்மீதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் மெல்ல வீட்டுக்கு நழுவினேன்.

மத்தியானம் கோழிக்குழம்பு. இலையைத் தள்ளி வைத்துவிட்டு, சித்தப்பா மகனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. ஆளைக் குறைக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கும் நேரம், வாயை மூடிக்கொண்டு ரயிலேறு என்றான்.

"நீ பாட்டுக்குக் கப்பல் ஏறிடுவே. துரைகிட்ட நான்தானே பதில் சொல்லணும்?"

மாட்டுவண்டி பிடித்துக் கிள்ளான் ஸ்டேஷன் வந்தேன். ரயில் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வேஷ்டியில் எலுமிச்சை வாசனை இருப்பதுபோலவே தோன்றியது. கார்டு விசில் ஊதியதும் பெட்டியை வெளியே எறிந்துவிட்டுக் குதித்தேன். தோட்டத்துக்கு நாலு மைல், வெயிலில் நடை.

கங்காணி வீட்டு வாசலில் வைத்தே சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாற்காலி போட்டார், இளநீர் வெட்டச் சொன்னார்.

"வெளையாட்டுக்குத்தானே செஞ்சீங்க? இதுக்குப் போயா ஐயா டேசன்லேர்ந்து நடந்து வந்தீங்க?"

ஆள் அனுப்பி அந்தப் பெண்ணையும் வரவழைத்து, கதை மாதிரிச் சொல்லிக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. காலையில் அத்தனை பேர் முன்னால் வாங்கிய ஏச்சுக்கு என்னிடம் சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இதையே நாளைக்குப் பெரட்டுல துரை முன்னால சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அன்று பொழுது நகரவே இல்லை. சித்தப்பா மகன் பாயைத் தனியே இழுத்துப் போட்டுப் படுத்தான். விடியுமுன் ஆட்களை எழுப்பத் தப்பு மேளம் அடித்ததும் நானும் போய் வரிசையில் நின்றேன். துரை வந்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். கைகுலுக்கி, மலாயா எப்படி இருக்கிறது, பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பியும் பாராமல் வாளியை எடுத்துக்கொண்டு தன் மரங்களைப் பார்க்க நடந்தாள்.

நான் மலாக்கா போகவேயில்லை. எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன், கால் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் நான் செய்ததற்கு எனக்குக் கைகுலுக்கலும் இளநீரும், செய்யாததற்கு அவளுக்குக் கப்பலும் என்று இருந்த அந்த ஒரு பகலை நினைத்தால், எந்த ஊரிலும் வேடிக்கை பார்க்க நீட்டிய கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.