கிடா தேர்ந்தெடுத்த மைக்ராஸ்கோப்

பேகம்பூர் ஷமாவுக்கு வெட்கம் என்ற சமாச்சாரமே கிடையாது. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லையே என்று மாமியார் வீட்டார் அவளை டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவன் ஹாமிதிடம், "நீங்களும் ஒருதரம் டெஸ்ட் எடுங்களேன்" என்றாள். மாமனாருக்குப் புரையேறியது. ஹாமித் எடுத்தான். கோளாறு அவனிடம்தான். மருந்து சாப்பிட்டான், இப்போது இரண்டு பெண்கள். இரண்டுக்கும் அம்மாவின் வாய்.

லேப் டெக்னீஷியன் படிப்பைச் சும்மா வைத்திருந்த ஷமா, அதற்குப் பிறகு சொந்தமாக லேப் திறந்தாள். திண்டுக்கல் ஆண்கள் இந்த டெஸ்டுக்கு ஆள் தெரியாத ஊராகப் பார்த்து ஓடுவானேன், இங்கேயே பார்க்கலாமே என்பது அவள் எண்ணம். அதற்கு விந்தணு உயிரோடு நீந்துவதைப் பார்க்க வேண்டும். அவளிடமிருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் சாயம் போட்டால்தான் எதுவும் தெளிவாகத் தெரியும். சாயம் போட்டால் அணு செத்துவிடும்.

கம்பெனி ஆள் முகேஷ்குமார் இரண்டு மைக்ராஸ்கோப் கொண்டுவந்தான். ஒன்றுக்குப் பெரிய டிவி உண்டு. சின்னது, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வகை: சாயமில்லாமல் ஒளியைக் கொண்டே உயிருள்ள செல்லைப் பளிச்சென்று காட்டும், சிலைடை உடம்புச் சூட்டில் வைக்க ஒரு தட்டும் இருந்தது. அவன் டிவியை விற்பதிலேயே குறியாக இருந்தான். சாயம் போட்ட சிலைடு ஒன்றைக் காட்டினான்.

"இது மய்யத்து, தம்பி. உசுரோட இருக்கறதக் காட்டுங்க."

"அந்த சாம்பிளுக்கு எங்க மேடம் போறது?"

ஷமா அவனை மேலும் கீழும் பார்த்தாள். முகேஷ்குமார் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டு மைதீன் பிச்சையின் கிடா முகேஷ்குமாரின் மானத்தைக் காப்பாற்றியது. கால்நடை மருந்தக உதவியாளர் ஈஸ்வரன் வந்து சாம்பிள் எடுத்தார். எப்படி என்ற விவரம் வேண்டாம், கிடா ஆட்சேபிக்கவில்லை.

ஏசி அறையில் ஒரு சொட்டை டிவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். திரை முழுக்க மங்கலான புள்ளிகள். ஒன்றும் அசையவில்லை.

மைதீன் பிச்சை குதித்தார். "ஏலே, எங்கிடாவ அவமானப்படுத்தவா கூப்ட்டீக? தாடிக்கொம்பு வரைக்கும் இதோட குட்டிதான்டா!"

"செத்த நேரம் சும்மா இருங்க மாமா. குளிர்ல வெறச்சுக் கெடக்குது."

ஷமா இன்னொரு சொட்டைச் சூட்டுத்தட்டில் வைத்து, சின்னதில் குனிந்து பார்த்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"யப்பா! அய்யலூர் ஆட்டுச் சந்தையில்ல நடக்குது!" மைதீன் பிச்சை சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

சின்னதையே ஷமா வாங்கினாள். டிவியை முகேஷ்குமார் தூக்கிக்கொண்டு போனான்.

கொஞ்ச நாளில் ஆண்கள் வரத் தொடங்கினார்கள். முகம் தெரியக்கூடாதென்று உள்ளேயும் ஹெல்மெட்டோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஷமா சாம்பிள் டப்பாவை நீட்டியபடி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்லுவாள்: "ஹெல்மெட்டக் கழட்டுங்கண்ணே. இந்த டெஸ்டுக்கு அது தேவப்படாது."